முதற் கச்சைத் தேர்வு



தேர்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் உங்களுள் பலருக்கு முகம் வாடிவிடும் என்பதை நான் அறியாதவன் அல்லேன். வினாத்தாள் எடுப்பதிலும் விடைத்தாள் திருத்துவதிலும் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த தலைமையாசிரியன் ஒருவன் ஓய்வு பெற்ற பின்னும் தேர்வைப் பற்றியா பேச வந்தான் என்று சலித்துக்கொள்ள வேண்டா. இன்று நான் எடுத்துக்கொண்டது எழுதுகோலும் தாளும் இல்லாத ஒரு தேர்வு. ஜப்பானிய மரபில் வந்த கராத்தே என்னும் தற்காப்புக் கலையைப் பயில்வோர் முதன்முதலாகச் செய்து காட்டும் தேர்வு அது. 'பெல்ட் டெஸ்ட்' என்று பிள்ளைகள் அதனைச் சொல்லுவர். வெள்ளைக் கச்சை கட்டிய பிள்ளை ஒரு மேசைக்கு முன்னே நின்று, தான் கற்றதைச் சில நிமிடங்களில் செய்து காட்டுகிறது. பிறகு மஞ்சள் கச்சை கட்டிக்கொள்ளும் உரிமையைப் பெறுகிறது. அல்லது பெறாமல் திரும்புகிறது.

இதனைப் பற்றிப் பேசக் காசிமேட்டைக் காட்டிலும் பொருத்தமான இடம் இல்லை. காசிமேடு என்றால் சென்னை மக்களுக்கு மீன்தான் முதலில் நினைவுக்கு வரும். விடியுமுன் தொடங்கும் ஏலக் கூவல், ஐஸ் உடைபடும் ஓசை, துறைமுகத்தில் ஒன்றோடொன்று உரசி நிற்கும் விசைப்படகுகள் இவையே அதன் அடையாளம். ஆயினும் வடசென்னையை நன்கு அறிந்தவர்களுக்கு மற்றொன்றும் நினைவுக்கு வரும். அது குத்துச்சண்டை. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் வட்டாரத்தில் அது வெறும் விளையாட்டன்று. குடும்பப் பெருமை போன்றது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குழுக்களுக்குப் 'பரம்பரை' என்றே பெயர் வைத்தார்கள் என்றால் வேறு சான்று எதற்கு? 2021ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படம் ஒன்றின் வாயிலாக இப்பெயர்கள் இளைஞர்களாகிய உங்களுக்கும் அறிமுகமாயின. 1980ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது, தம் வீட்டு விருந்தாளி வந்ததுபோல் மகிழ்ந்தவர்கள் இப்பகுதி மக்கள்.

அத்தகைய ஊரில், கராத்தே பயிலும் பேரனைப் பார்த்துப் பெரியவர்கள் ஒரு வினா எழுப்புகிறார்கள். மேடையில் ஏறினால் யார் வல்லவன் என்று ஊருக்கே தெரிந்துபோகும். அப்படியிருக்க, இடுப்பில் கட்டும் துணிக்கு ஒரு பரீட்சை எதற்கு? இது ஏளனம் என்று தள்ளிவிடத்தக்க வினாவன்று. விடை சொல்ல வேண்டுமானால், இத்தேர்வு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கச்சைத் தேர்வு மிகத் தொன்மையானது, போர்வீரர் காலத்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. அதனை ஏற்படுத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் பெயர் கானோ ஜிகோரோ. 1860ஆம் ஆண்டு பிறந்த அவர், 1882ஆம் ஆண்டு தோக்கியோ நகரில் ஒரு புத்தர் கோயிலின் சிறிய அறையில், ஒரு சில மாணவர்களோடு ஜூடோ என்னும் கலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. பிற்காலத்தில் தோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக, இடையிடையே விலகியிருந்த காலம் போக, 20 ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்தார். ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கிய அவர் 1909ஆம் ஆண்டு பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்றார். அக்குழுவின் முதல் ஆசிய உறுப்பினர் அவரே. ஆசிரியப் பயிற்சி பெற்ற என் போன்றோர் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடினால் தவறில்லை அன்றோ?

கானோவுக்கு முன்பு, ஜப்பானியப் போர்க்கலைக் குருமார்கள் தம் மாணவர்க்கு ஓலைச்சுருள் போன்ற உரிமப் பத்திரங்களை வழங்கி வந்தனர். அவை இரண்டு மூன்று படிகளே. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பல்லாண்டுகள் கழியும். இவ்வளவு நீண்ட இடைவெளியில் மாணவன் ஊக்கம் இழந்துவிடுகிறான் என்பதைக் கானோ கண்டார். ஏணியில் படிகள் மிகத் தள்ளித் தள்ளி அமைந்தால் சிறுவன் எப்படி ஏறுவான்? ஆகவே படிகளை நெருக்கி அமைத்தார். 'தான்' எனப்படும் தரவரிசையை 1883ஆம் ஆண்டு தம் மாணவர் இருவருக்கு முதன்முதலாக வழங்கினார். இச்சொல் முன்னரே 'கோ' என்னும் பலகை விளையாட்டில் ஆட்டக்காரரின் தரத்தைக் குறிக்க வழங்கி வந்தது. தரம் பெற்றவர்கள் கறுப்புக் கச்சை கட்டும் வழக்கம் 1886ஆம் ஆண்டளவில் தொடங்கியது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே மஞ்சள், பச்சை முதலிய நிறங்கள் வந்தது அதற்கும் பின்னர். பாரிசு நகரில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி என்பவர் 1930களில் ஐரோப்பாவில் அவற்றைப் பெரிதும் பரப்பினார். வெள்ளைக் கச்சையைத் துவைக்காமலே கட்டிவந்து அழுக்கேறிக் கறுப்பாயிற்று என்று ஒரு கதை உலவுகிறது. கேட்கச் சுவையாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. துவைத்துக் கட்டுவதே நல்லது, குறிப்பாகச் சென்னை வெயிலில்!

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கறுப்புக் கச்சைக்கு முற்பட்ட படிகளுக்குக் 'க்யூ' என்று பெயர். அவை இறங்கு வரிசையில் எண்ணப்படும். பத்திலோ ஒன்பதிலோ தொடங்கி ஒன்றுக்கு வரவேண்டும். கறுப்புக் கச்சைக்குப் பின் 'தான்' ஏறு வரிசையில் ஒன்று, இரண்டு என்று போகும். முதல் தானுக்கு 'ஷோதான்' என்று பெயர். ஜப்பானிய எழுத்தில் 'ஷோ' என்பது தொடக்கத்தைக் குறிக்கும் எழுத்து. கறுப்புக் கச்சை கட்டியவனைக் கண்டு நாம் வியந்து நிற்கிறோம். அவர்கள் மொழியோ அவனை இப்போதுதான் தொடங்கியவன் என்கிறது. அப்படியானால் மஞ்சள் கச்சைக்காக நிற்கும் காசிமேட்டுப் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இனி, கராத்தேக்கு வருவோம். அது ஓக்கினாவா என்னும் தீவில் வளர்ந்த கலை. அத்தீவும் மீன்பிடிக்கும் மக்கள் வாழும் தீவு என்பதைக் காசிமேட்டார் மனத்திற் கொள்ளலாம். சீனத்தின் பூக்கியன் பகுதியிலிருந்து வந்த கைப்போர் முறைகளும் உள்ளூர் முறைகளும் கலந்து அங்கே உருவான அக்கலை, நெடுங்காலம் ஒருவர்க்கொருவர் தனியே கற்பிப்பதாகவே இருந்தது. இத்தொசு என்னும் முதியவர் 1900களின் தொடக்கத்தில் அதனை ஓக்கினாவாவின் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றார். தனியே ஒருவனுக்குக் கற்பிப்பது வேறு. ஐம்பது சிறுவர்களை வரிசையில் நிறுத்திக் கற்பிப்பது வேறு. அதற்காகச் சிறுவர்க்கு ஏற்ற ஐந்து எளிய பயிற்சித் தொடர்களை அவரே வகுத்தார் என்பது மரபு. 'அமைதி' என்று பொருள்படும் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. அடிக்கவும் தடுக்கவும் கற்பிக்கும் பாடத்துக்கு அமைதி என்று பெயர்!

இத்தொசுவின் மாணவர் பூனாகோஷி கிச்சின். இவரும் பள்ளி ஆசிரியர்தாம். முப்பது ஆண்டளவு ஓக்கினாவாவில் சிறுவர்க்குப் பாடம் சொன்னவர். 1922ஆம் ஆண்டு, கல்வித் துறையினர் நடத்திய உடற்பயிற்சிக் காட்சியில் கராத்தேயைச் செய்து காட்டத் தோக்கியோ சென்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். கானோ அவரை அழைத்துத் தம் கூடத்தில் செய்து காட்டச் சொன்னார். ஜூடோவின் வெள்ளைச் சீருடையும் கச்சையும் தரவரிசையும் கராத்தேக்கு வந்தது இத்தொடர்பினால்தான். 1924ஆம் ஆண்டு பூனாகோஷி தம் மாணவர் சிலர்க்கு முதல் தான் வழங்கினார். அவர் கவிதையும் எழுதுவார். 'ஷோட்டோ' என்பது அவருடைய புனைபெயர். ஊசியிலை மரங்களில் காற்று எழுப்பும் அலையோசை என்பது அதன் பொருள். காசிமேட்டில் இன்று பலர் பயிலும் ஷோட்டோகான் பிரிவு அப்புனைபெயரைத் தாங்கியதே.

ஆகவே பெரியவர்களின் வினாவுக்கு விடையின் முதற்பகுதி இது: கச்சைத் தேர்வு போர்க்களத்திலிருந்து வரவில்லை, வகுப்பறையிலிருந்து வந்தது. குத்துச்சண்டை மேடை, இருவருள் யார் வல்லவர் என்று கேட்கிறது. ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கத்தான் வேண்டும். கச்சைத் தேர்வு கேட்பது வேறு. உனக்குக் கற்பித்தது உன்னிடம் வந்து சேர்ந்ததா என்பதே அதன் கேள்வி. இருபது பேர் நின்றால் இருபது பேரும் தேறலாம். ஒருவர் தேறியதனால் மற்றவர்க்கு ஒரு குறையும் இல்லை. வகுப்பில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று பிள்ளைகளை ஒருவரோடொருவர் மோதவிடும் நம் பள்ளித் தேர்வுகளைக் காட்டிலும் இது ஒருவகையில் மேலானது என்பேன்.

தேர்வில் கேட்கப்படுவன மூன்று. முதலாவது அடிப்படை அசைவுகள்: குத்து, தடுப்பு, உதை. இரண்டாவது 'காட்டா' என்னும் தொடர். மூன்றாவது 'குமிதே' என்னும் இருவர் பயிற்சி. முதல் தேர்வில் குமிதே என்பது உண்மைச் சண்டையன்று. ஒருவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஐந்து அடி முன்வந்து குத்துவார். மற்றவர் ஐந்து அடி பின்வாங்கித் தடுப்பார். ஐந்தாவதில் ஒரு மறுகுத்து. எண்ணிக்கை ஜப்பானிய மொழியில்: இச்சி, நி, சான், ஷி, கோ. ஐஸ் பெட்டிகளை எண்ணிப் பழகிய பிள்ளைகளுக்கு இவ்வெண்கள் ஒரு வாரத்தில் வாயில் வந்துவிடுகின்றன.

மூன்றிலும் காட்டாவே தேர்வின் உயிர். ஷோட்டோகான் பிரிவில் தொடக்கநிலை மாணவர்க்குரிய 'ஹெயான் ஷோதான்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். அதில் 21 அசைவுகள். முதலில் இடப்புறம் திரும்பிக் கீழ்த்தடுப்பு; ஓரடி முன்வைத்து ஒரு குத்து. பிறகு வலப்புறமாக முழுதும் திரும்ப வேண்டும். நடுக்கோட்டில் மூன்று மேல்தடுப்புகள். மூன்றாவதில் அடிவயிற்றிலிருந்து குரல் எழ வேண்டும். அதன்பின் வருவதுதான் இடர்: ஏறத்தாழ முக்கால் வட்டம் சுழன்று திரும்புதல். கண்ணுக்கு முன்னே இருந்த மேசை முதுகுக்குப் பின்னோ பக்கத்திலோ போய்விடும், திசை மயங்கும், இடக்காலா வலக்காலா என்ற ஐயம் எழும். கைகளும் சும்மா இருப்பதில்லை. ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்குத் திரும்பி வரவேண்டும். அந்தத் திரும்பும் கையைப் பிள்ளைகள் மறந்துவிடுவர். தேர்வாளரின் கண் அங்கேதான் இருக்கும். 21 அசைவுகளும் சரியாக அமைந்தால், தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். அடிகள் சிறிதும் பெரிதுமாக இருந்தால் இரண்டு முழம் தள்ளி நிற்க நேரிடும். தரையே பிழை திருத்தித் தருகிறது. ஆசிரியர் சிவப்பு மையைத் தேட வேண்டியதில்லை.

இத்தகைய ஒரு தேர்வைக் காசிமேட்டில் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அது 2023ஆம் ஆண்டு மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனம் பெருகுவதற்கான தடைக்காலம். படகுகளுக்குப் பழுது பார்த்து வண்ணம் பூசுவார்கள், வலைகளைச் செப்பனிடுவார்கள். மற்ற மாதங்களில் வீட்டில் காணக் கிடைக்காத தந்தையர் அந்நாள்களில் ஊரில் இருப்பர். ஆகையால் ஒரு பள்ளியின் மொட்டை மாடியில் நடந்த அத்தேர்வைப் பார்க்கத் தாய்மார்களோடு தந்தையரும் வந்து கைப்பிடிச் சுவரோரம் நின்றனர். பிள்ளைகள் இருபதுக்குச் சற்று மேல் இருப்பர். தேர்வாளர் நடுவயதினர், பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். பிள்ளைகள் அவரை 'மாஸ்டர்' என்று அழைத்தனர்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அந்த முக்கால் வட்டத் திருப்பத்தில் மறந்து நின்றுவிட்டாள். மாடி முழுதும் அமைதி. அவள் அழவில்லை, அக்கம் பக்கம் பார்க்கவும் இல்லை. நின்றபடியே, "மாஸ்டர், முதல்லேருந்து பண்ணட்டுமா?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். முதலிலிருந்து தொடங்கினாள், இம்முறை வழி தவறவில்லை. சற்றுப் பின்னர் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் அதே இடத்தில் மறந்தான். அவன் நிற்கவில்லை, ஓரக் கண்ணால் பக்கத்துப் பையனைப் பார்த்து, அவன் கால் சென்ற வழியில் தன் காலையும் விட்டான். பக்கத்துப் பையனும் தவறான திசையில்தான் திரும்பியிருந்தான்! இருவரையும் மறுபடி தனித்தனியே செய்யச் சொன்னார். ஒருவன் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டான். மற்றவனுக்கு மீண்டும் அதே மயக்கம். சுவரோரம் நின்ற அவன் தந்தை, விசைப்படகுத் தொழிலாளி, "திசை தெரியாம இப்படித் திரும்புறானே, நாளைக்குப் படகை எங்கே கொண்டுபோய் விடுவான்?" என்றார். எல்லோரும் சிரித்தனர், பையனும் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

முடிவில் அந்தச் சிறுவனுக்கும் வேறொரு பிள்ளைக்கும் கச்சை தரப்படவில்லை. அவன் தாய் கருவாடு விற்பவர். நேரே மேசைக்கு வந்து, "காசு கட்டியிருக்கேன் சார், புள்ளை அழுவுறான், சின்னப் புள்ளைதானே, குடுத்துடுங்க" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. தேர்வுக் கட்டணம் அவருக்குப் பல நாள் உழைப்பு. அந்த மாஸ்டர் எழுந்து நின்று பேசினார். "அக்கா, அவன் மறந்ததுக்காக நிறுத்தலை, அந்தப் பொண்ணும்தான் மறந்துச்சு. இவன் இன்னொருத்தனைப் பார்த்துச் செஞ்சான். மூணு மாசம் கழிச்சு வரட்டும், அப்போ பணம் கட்ட வேணாம்" என்றார். அம்மையார் அரைமனத்தோடு போனார். மகனைத் தேற்றியவர் தந்தைதான். அவன் தோளில் கை போட்டுப் படிக்கட்டில் இறங்கி அழைத்துச் சென்றார்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம் ஒன்று உண்டு: மாணவனின் தவறு எது என்று மட்டும் பாராதே, தவறு எப்படி நேர்ந்தது என்று பார். மறதி ஒரு வகை. தன்னை நம்பாமை வேறு வகை. முதலாவதற்கு மருந்து பயிற்சி. இரண்டாவதற்கு மருந்து, தனியே நிற்கவைத்தல். மதிப்பெண் பட்டியலில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். அந்த மாஸ்டர் அந்த மாடியில் இரண்டையும் பிரித்தறிந்தார். அவர் ஆசிரியர் கல்லூரியின் வாயிற்படியை மிதித்தவர் அல்லர்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். கச்சையை விலைப் பொருளாக்கி, பணம் கட்டியவரெல்லாம் தேறுவர் என்று நடத்துவோரும் உளர். படிகள் நெருக்கமாக இருந்தால் சிறுவர் ஏற எளிது என்று கானோ கண்ட நன்மையையே, படிக்கொரு கட்டணம் என்று மாற்றிக்கொண்டனர் சிலர். ஒரு பயிற்சிக் கூடத்தில் சேருமுன் நீங்கள் ஒன்றைக் கேளுங்கள்: இங்கே யாராவது தேறாமல் திரும்பியதுண்டா? இல்லை என்று பெருமையாகச் சொன்னால், வேறு கூடம் தேடுங்கள்.

மாணவியருக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கு எதற்கு இந்தப் பயிற்சி என்று கேட்போர் இன்னும் இருக்கின்றனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே இரவீந்திரநாத தாகூர் அதற்கு விடை கூறிவிட்டார். 1905ஆம் ஆண்டிலேயே சானோ என்னும் ஜப்பானிய ஆசிரியரைச் சாந்திநிகேதனத்துக்கு வரவழைத்தார். மறுபடி 1929ஆம் ஆண்டு, கானோவின் மாணவரான தாகாகாகி என்பவரை அழைத்து ஜூடோ கற்பிக்கச் செய்தார். மாணவியரும் கற்றனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் அவர்களின் தாயார் அமிதா சென் அவ்வாறு சாந்திநிகேதனத்தில் அக்கலையைப் பயின்றவர். இக்காலத்தில் நம் அரசுப் பள்ளிகளிலும் மாணவியர்க்குத் தற்காப்புப் பயிற்சி சில மாதங்கள் அளிக்கப்பட்டு வருகிறது. சில மாதங்களில் ஒருத்தி வீராங்கனை ஆகிவிட முடியாது. ஆனால் அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பக் கற்றுக்கொள்ளலாம். வெட்கத்தை விட்டுக் கத்துவதற்கே பல பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வாரம் ஆகிறது என்று அந்த மாஸ்டர் கூறினார்.

போதிதருமரைப் பற்றியும் நீங்கள் கேட்பீர்கள். 2011ஆம் ஆண்டு வந்த திரைப்படத்துக்குப் பின், காஞ்சியிலிருந்து சென்ற அவரே இக்கலைகளுக்கெல்லாம் தந்தை என்று பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி ஒருவர் எழுதிய வரலாறு, அவர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று கூறுகிறது. அது நமக்குப் பெருமையே. ஆனால் அவர் கைப்போர் கற்பித்ததாக அப்பழைய நூல் கூறவில்லை. அவரோடு அக்கலையை இணைக்கும் நூல் ஆயிரம் ஆண்டு கழித்து, 17ஆம் நூற்றாண்டளவில் தோன்றியது. அது அவர் பெயரால் பிறர் எழுதியது என்பதைச் சீன ஆராய்ச்சியாளர்களே எடுத்துக்காட்டியுள்ளனர். நமக்குச் சிலம்பம் உண்டு, குத்துவரிசை உண்டு. அவை நம்முடையவை என்பதற்கு யாரிடமும் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ஓக்கினாவா ஆசிரியர்கள் வளர்த்ததை அவர்களுடையது என்று ஒப்புக்கொள்வதால் நாம் சிறியவர் ஆகிவிடவும் மாட்டோம்.

இவ்வாண்டு முதல் தேர்வுக்கு நிற்கப் போகிறவர்கள் உங்களுள் சிலர் இருக்கலாம். அவர்களுக்குச் சில சொல்லி முடிக்கிறேன். நகங்களை வெட்டிக்கொள்ளுங்கள், வளையல், சங்கிலி, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீட்டில் வையுங்கள். தேர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்பே உண்டு முடியுங்கள். பிரியாணி அன்று மாலைக்கு இருக்கட்டும். கச்சையைத் தாய் கட்டிவிட, அது நடுவில் அவிழ்ந்து விழுந்த பிள்ளைகள் பலர். முடிச்சை நீங்களே போடப் பழகுங்கள். காட்டாவை நான்கு திசை நோக்கியும் தொடங்கிப் பாருங்கள். எப்போதும் வீட்டுக் கதவைப் பார்த்தே பழகினால், புதிய இடத்தில் அந்த முக்கால் வட்டம் உங்களைத் திகைக்க வைக்கும். கூடத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் வணங்க மறவாதீர்கள். மேசையில் அமர்ந்திருப்பவர் அப்போதே எழுதத் தொடங்கிவிடுவார்.